இதயத்தின் கோட்டைத் திருத்தியவர்

சாவகத் தீவின் செமாராங் நகரில் 1860ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் வில்லெம் ஐன்தோவன் பிறந்தார். அந்நாளில் அத்தீவு டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. மருத்துவராகப் பணியாற்றிய தந்தை, மகன் சிறுவனாக இருந்தபோதே மறைந்தார். தாய் 1870இல் தம் ஆறு குழந்தைகளுடன் நெதர்லாந்து சென்று யூட்ரெக்ட் நகரில் குடியேறினார்.

அந்நகரப் பல்கலைக்கழகத்தில் ஐன்தோவன் மருத்துவம் பயின்றார். படகு வலித்தல், வாட்பயிற்சி முதலியவற்றில் அவருக்கு மிகுந்த விருப்பம் உண்டு. ஒருமுறை விளையாட்டில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப்போட்ட கையுடன் ஓய்ந்திராமல், முன்கை எவ்வாறு சுழல்கிறது என்பதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். தம் 25ஆம் வயதில் லெய்டன் பல்கலைக்கழகத்தின் உடலியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாழ்நாள் முழுவதும் அங்கேயே பணிபுரிந்தார்.

இதயம் துடிக்கும்போதெல்லாம் அதன் தசைகளில் மிகச் சிறிய மின்மாற்றம் உண்டாகிறது. உடலின் மேற்பரப்பில் அதனை அளந்தால் ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கே இருக்கும். உடலைத் திறக்காமல் அம்மின்மாற்றத்தை முதன்முதலில் பதிவுசெய்தவர் இலண்டனைச் சேர்ந்த அகஸ்டஸ் வாலர். இது 1887இல் நிகழ்ந்தது. ஜிம்மி என்னும் தம் நாயின் கால்களை உப்புநீரில் நிற்கவைத்தும் அவர் இதனைச் செய்து காட்டினார். 1889இல் பாசல் நகரில் கூடிய உடலியல் மாநாட்டில் வாலரின் செய்முறையை ஐன்தோவன் நேரில் கண்டார்.

வாலர் பயன்படுத்திய கருவி நுண்புழை மின்னளவி எனப்படும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் பாதரசமும் அதனையொட்டிக் கந்தக அமிலமும் இருக்கும். மின்னழுத்தம் மாறினால் பாதரசத்தின் விளிம்பு நகரும். அதன் நிழலை ஒளிப்படமாக்கினால் ஒரு கோடு கிடைக்கும். ஆனால் அக்கோடு உண்மையானதன்று! பாதரசம் உடனே நகர்வதில்லை. இதயம் விரைந்து காட்டும் மாற்றத்தை அது மெதுவாகவே பின்தொடரும். கூரிய முகடுகள் மழுங்கிப்போயின. பொய்யான கோட்டைக் கொண்டு நோயாளியின் இதயத்தைப் பற்றி முடிவு கூறுவது எங்ஙனம்?

ஐன்தோவன் கணிதத்தின் துணையை நாடினார். பாதரசம் நின்ற இடத்தை மட்டும் பாராமல், அக்கணத்தில் அது நகர்ந்த வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் உண்மையான மின்னழுத்தம் தெரியவரும் என்று கண்டார். கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் சரிவை அளந்து, புதிய கோட்டை வரைந்தார். பழைய கோட்டின் அலைகளுக்கு ஏ, பி, சி, டி என்ற பெயர்கள் இருந்தன. குழப்பம் நேராதவாறு, 1895இல் தாம் கணித்த அலைகளுக்கு ஆங்கில நெடுங்கணக்கின் பிற்பகுதியிலிருந்து பி, கியூ, ஆர், எஸ், டி என்னும் ஐந்து எழுத்துகளைச் சூட்டினார். இன்றும் எல்லா மருத்துவமனைகளிலும் வழங்குபவை அவ்வெழுத்துகளே. ஓர் இயந்திரம் அவ்வலைகளை நேரடியாக வரைந்து காட்டுவதற்கு முன்பே, அவை தாளில் கணக்காகப் பிறந்துவிட்டன என்பது வியப்புக்குரியது.

எனினும் ஒவ்வொரு நோயாளிக்கும் இவ்வாறு கணக்கிடுவது பெருஞ்சுமை. திருத்தம் வேண்டாத கருவியை உருவாக்குவதே வழி என்று அவர் துணிந்தார். வலிய மின்காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையைத் தொங்கவிட்டார். உருகிய குவார்ட்ஸை அம்பில் ஒட்டி எய்து இழையாக நீட்டுவது அக்காலத்து முறை. எடை மிகக் குறைந்த அவ்விழை, இதயத்தின் மின்னோட்டம் பாயும்போது தயங்காமல் அசைந்தது. 1902இல் இழைக் கால்வனாமானியால் பதிவான இதயக்கோடு வெளியாயிற்று. முன்பு கணக்கிட்டு வரைந்த கோட்டுடன் அது ஒத்திருந்தது.

கருவியோ மிகப் பெரியது. அதன் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். மின்காந்தம் சூடாகாதிருக்க நீர் பாய்ச்ச வேண்டும். இயக்க ஐவர் வேண்டும். படுக்கையிலிருந்து எழ இயலாத இதய நோயாளியை அங்கே கொண்டுவர முடியாது. கருவியையும் நகர்த்த முடியாது. ஆகவே நோயாளி மருத்துவமனையிலேயே உப்புநீர்க் கலங்களில் கைகால்களை வைத்திருக்க, அவரது இதயத்தின் மின்னோட்டத்தை 1905இல் தொலைபேசிக் கம்பி வழியாக ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வகத்திற்கு வரவழைத்தார்.

பின்னர் இரு கைகளையும் இடக்காலையும் முனைகளாகக் கொண்டு ஒரு முக்கோணத்தைக் கற்பித்தார். வலக்கை இடக்கை, வலக்கை இடக்கால், இடக்கை இடக்கால் என மூன்று இணைப்புகள். எந்தக் கணத்திலும் முதல் இணைப்பின் அளவையும் மூன்றாம் இணைப்பின் அளவையும் கூட்டினால் இரண்டாவதன் அளவு கிடைக்கும். முதலாவது 5, மூன்றாவது 4 எனில் இரண்டாவது 9 ஆகும். அவ்வாறு அமையவில்லையெனில், கம்பிகள் சரியாக இணைக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். இவ்வளவு எளிய கூட்டல், பிழை காட்டும் காவலனாகவும் விளங்குகிறது.

1924ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அச்செய்தி வந்தபோது அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். தம் கருவியை நோயாளிகளிடையே பயன்படுத்தி அதன் பயனை உலகறியச் செய்த இலண்டன் மருத்துவர் தாமஸ் லூயிசின் பங்கைப் பரிசுச் சொற்பொழிவில் அவர் போற்றினார். 1927 செப்டம்பர் 29ஆம் நாள் லெய்டனில் காலமானார்.

அடுத்த ஆண்டே, அவருடைய நாட்டவரான பால்தசார் வான் டெர் போல், தம் துணைவர் வான் டெர் மார்க்குடன் சேர்ந்து, இதயத்துடிப்பைச் சமன்பாட்டால் விளக்கி, அதற்கேற்ப நியான் விளக்குகள் கொண்ட மின்சுற்று ஒன்றையும் அமைத்தார். 1960இல் ஆங்கிலேயரான டெனிஸ் நோபிள், சோடியமும் பொட்டாசியமும் இதயச் செல்லினுள் புகுந்து வெளியேறும் முறையைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் ஓட்டியபோது, ஒற்றைச் செல்லின் மின்துடிப்பு எண்களாக எழுந்தது.