டெலிபோன் பெல் ஒரு பேச்சு வாத்தியார்!

திருப்பூணித்துறை:

டெலிபோனைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட கிரகாம் பெல் என்று சொல்லிவிடும். அவர் பார்த்த வேலை என்ன என்று கேட்டால் பெரியவர்களே விழிப்பார்கள். அவர் எஞ்சினீயர் அல்ல. காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகளுக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்த வாத்தியார். உலகப் புகழ் வந்த பிறகும் தம்மை அப்படிச் சொல்லிக்கொள்வதில்தான் அவருக்குப் பெருமை.

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1847-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். தாத்தா லண்டனில் திக்குவாய்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். தந்தை மெல்வில் பெல்லும் பேச்சுக் கலை ஆசிரியர். தாய் எலைசாவுக்கோ காது சரியாகக் கேட்காது.

அந்த அம்மாள் காதில் ஒரு குழாயை வைத்துக்கொள்வார். மற்றவர்கள் அதில் உரக்கப் பேசுவார்கள். மகன் மட்டும் தாயின் நெற்றிக்கு அருகே வாயைக் கொண்டுபோய்த் தணிந்த குரலில் பேசுவான். எலும்பு வழியாக அதிர்வு போய்ச் சேரும். வீட்டில் நாலு பேர் கூடிப் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பேச்சை விரல் எழுத்துக்களால் அவருக்குத் தெரிவிப்பான். வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதே விஷயம் பெரிய சண்டையாக வரப்போகிறது.

தந்தை ஒரு புதுமாதிரி எழுத்தை உண்டாக்கி 1867-ல் வெளியிட்டார். ஓர் ஒலியைச் சொல்ல நாக்கு எங்கே இருக்க வேண்டும், உதடு எப்படிக் குவிய வேண்டும், தொண்டை என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தே காட்டிவிடும். தமிழனும் மலையாளியும் சொல்லும் ழகரத்தை வெள்ளைக்காரனுக்குச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு சிரமம்! அதையும் படம்போல எழுதிக் காட்டும் முறை அது. தந்தை பொதுக் கூட்டங்களில் இதைச் செய்து காட்டும்போது, மகன் முன்பின் கேட்டறியாத பாஷைகளைக்கூட அந்த எழுத்தைப் பார்த்து உச்சரிப்பார். சமஸ்கிருதமும் அதில் ஒன்று.

பிறகு குடும்பத்தில் இடி விழுந்தது. 1867-ல் தம்பியையும் 1870-ல் அண்ணனையும் காசநோய் கொண்டுபோயிற்று. மிஞ்சிய ஒரே பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கிருந்து 1871-ல் பெல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காது கேளாதோர் பள்ளிக்குப் பாடம் சொல்லித்தரப் போனார்.

கையுறையில் எழுத்து

அவரிடம் வந்த மாணவர்களில் ஜார்ஜ் சாண்டர்ஸ் என்ற ஐந்து வயதுப் பையன் ஒருவன். பிறவியிலேயே காது கேளாதவன். பெல் ஒரு கையுறையில் எழுத்துக்களை எழுதி அவனுக்கு மாட்டிவிட்டார். வேண்டிய எழுத்தைத் தொட்டுத் தொட்டு வார்த்தை சேர்க்கலாம். இன்னொரு மாணவி மேபல் ஹப்பர்ட். ஐந்து வயதில் விஷக்காய்ச்சல் வந்து செவிப்புலனை இழந்தவர். உதட்டசைவைப் பார்த்தே பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வார். இந்த இரண்டு பேருடைய தகப்பனார்கள்தான் டெலிபோன் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தார்கள்.

ஒலியின் வடிவத்தைக் காது கேளாத பிள்ளைகள் கண்ணால் பார்க்க முடியாதா என்று பெல் யோசித்தார். 1874-ல் ஒரு டாக்டர் மூலம் இறந்துபோன மனிதனின் காது ஒன்றை வாங்கினார். அதன் சிற்றெலும்பில் ஒரு வைக்கோல் துரும்பை ஒட்டி, காதுக்குள் பேசினார். புகை படிந்த கண்ணாடியில் துரும்பு அலை அலையாகக் கோடு போட்டது. இத்தனை மெல்லிய சவ்வு எலும்பை ஆட்டுமானால், தகடு ஒன்று மின்சாரத்தையும் ஆட்டுமே என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்தது. 1876 மார்ச் 7-ந் தேதி டெலிபோனுக்குக் காப்புரிமை கிடைத்தது. மூன்றாம் நாள், அடுத்த அறையில் இருந்த உதவியாளர் வாட்சனுக்குக் கம்பி வழியாகக் குரல் கேட்டது.

1877-ல் மேபலையே பெல் மணந்துகொண்டார். தம் கம்பெனிப் பங்குகளில் பத்து நீங்கலாக மற்ற அனைத்தையும் மனைவிக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டார். கண்டுபிடித்தவரின் மனைவி அந்த டெலிபோனில் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை.

1886-ல் ஒரு தகப்பனார், கண் தெரியாத, காது கேளாத ஆறு வயதுப் பெண் குழந்தையோடு வந்தார். பெல் காட்டிய வழியில் எழுதிக் கேட்டுத்தான் ஆனி சலிவன் என்ற ஆசிரியை வந்து சேர்ந்தார். அந்தக் குழந்தைதான் ஹெலன் கெல்லர். 1903-ல் வந்த தமது சுயசரிதையை அவர் பெல்லுக்கே காணிக்கை ஆக்கினார்.

கையா, வாயா?

இவ்வளவு நல்லவர் மீது காது கேளாதோருக்கு இன்றும் கோபம் உண்டு. அது நியாயமான கோபம் என்றே சொல்ல வேண்டும். பிள்ளைகள் வாயால்தான் பேச வேண்டும், சைகை கூடாது என்று பெல் வாதாடினார். காது கேளாதவர்கள் தங்களுக்குள் கல்யாணம் செய்வது நல்லதல்ல என்று 1883-ல் ஒரு கட்டுரையும் படித்தார். எதிர்த்து நின்றவர் எட்வர்ட் காலடெட். அவருடைய தாயும் காது கேளாதவர்தான். 1880-ல் இத்தாலியில் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகைக்குத் தடை போட்டது. வகுப்பில் கை அசைத்த பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. காது கேளாத ஆசிரியர்களுக்கு வேலை போயிற்று. அந்தத் தீர்மானத்துக்கு 2010-ல்தான் வான்கூவர் மாநாடு வருத்தம் தெரிவித்தது. தாய்க்கு விரலால் பேச்சைச் சொன்ன மகன், ஊரார் பிள்ளைகளின் கையைக் கட்டச் சொன்னது விந்தைதான்.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. பாளையங்கோட்டையில் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ப்ளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியை நெல்லைக்காரர்கள் அறிவார்கள். ஆனாலும் பிள்ளை பேசத் தாமதித்தால் நாக்கில் வசம்பு தேய்ப்பதும், கோவிலுக்கு நேர்ந்துகொள்வதும், அப்பனும் நாலு வயதில்தான் பேசினான் என்று பாட்டி சமாதானம் சொல்வதும் போகவில்லை. கேரளத்தில் பிழைக்க வந்த நம்மவர் இன்னொரு காரணமும் சொல்வார்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், அதனால் பிள்ளை குழம்பிவிட்டது என்று. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வராது என்பது நிபுணர்கள் முடிவு. முதலில் சோதிக்க வேண்டியது காதை. பிறந்த குழந்தைக்கே இப்போது அந்தச் சோதனை செய்கிறார்கள். காது நன்றாகக் கேட்டும் பேச்சு வராத பிள்ளைகளுக்கும் தனிப் பயிற்சி உண்டு. இதற்கென்றே மைசூரில் 1965-ல் மத்திய அரசின் நிலையம் ஏற்பட்டது. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள நிஷ் நிறுவனம் 1997-ல் தொடங்கியது. எர்ணாகுளத்தில் காலை ரயில் ஏறினால், ஒரு நாள் லீவில் போய் வந்துவிடலாம்.

பெல் 1922-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி கனடாவில் தம் வீட்டில் காலமானார். அடக்கம் நடந்த 4-ந் தேதி வட அமெரிக்கா முழுவதும் டெலிபோன்கள் ஒரு நிமிடம் நின்றன. மேபல் அதற்குப் பின் ஐந்து மாதமே இருந்தார்.