இன்சுலின் ஏன் மாத்திரையாக வருவதில்லை? பேண்டிங்கின் வாழ்க்கையில் இருக்கு விடை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவரா நீங்கள்? இனிப்பு நீருக்காக உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இன்சுலின் ஊசி போடுறீங்களா? மற்ற மருந்துகளை விழுங்குகிறோம், இதை மட்டும் ஏன் குத்திக்கணும் என்று யோசித்திருப்பீர்கள். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பேண்டிங்கும் இதே சிக்கலில்தான் தொடங்கினார்.

1891 நவம்பர் 14-ஆம் தேதி கனடாவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த பேண்டிங், அறுவை சிகிச்சை மருத்துவர். முதலாம் உலகப் போரில் காயம்பட்டவர். ஊர் திரும்பித் தொடங்கிய கிளினிக்கும் சரியாக ஓடவில்லை.

1920 அக்டோபரில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் பொருள் கணையத்தில் இருக்கிறது. ஆனால், அதே கணையத்தின் செரிமான நீர் அதைச் சிதைத்துவிடுகிறதோ? 1921-இல் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில், மெக்லியோட் கொடுத்த ஆய்வுக்கூடத்தில், சார்லஸ் பெஸ்ட்டுடன் சேர்ந்து நாய்களிடம் சோதித்தார். 1922 ஜனவரி 11-இல் 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி போட்டார்கள். பெரிய பலன் இல்லை. கொலிப் சுத்தப்படுத்திய மருந்தை ஜனவரி 23-இல் கொடுத்தபோது சர்க்கரை இறங்கியது, பையன் பிழைத்தான்.

விழுங்கினால் என்ன ஆகும்? இன்சுலின், மொத்தம் 51 அமினோ அமிலங்கள் கோத்த இரண்டு சங்கிலிகள் இணைந்த ஒரு பொருள். நாம் சாப்பிடும் முட்டை, பருப்பைப் போலவே அதையும் வயிறும் குடலும் துண்டு துண்டாக்கிவிடும். அதனால்தான் தோலுக்கு அடியில், கொழுப்பில் போடுகிறோம். அங்கிருந்து மெல்ல இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தில் சில நிமிடங்கள்தான் தங்கும். கல்லீரலும் சிறுநீரகமும் அதை உடைத்து அப்புறப்படுத்திவிடும்.

உங்களுக்கு இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. தொடையில் ஊசி போட்ட கையோடு மலைச்சரிவில் ஏறினால், அங்கே இரத்த ஓட்டம் கூடி மருந்து சீக்கிரம் கலக்கும். சர்க்கரை திடீரென இறங்கலாம். ஒரே இடத்தில் குத்திக் கட்டி விழுந்தால், மருந்து சீராகச் சேராது. சிறுநீரகம் பலவீனமானால் இன்சுலின் அதிக நேரம் தங்கும். அளவைக் குறைக்க வேண்டிவரலாம். ஆனால் நீங்களாக அளவை மாற்றாதீங்க, மருத்துவரிடம் கேளுங்கள்.

1923-இல் பேண்டிங்கும் மெக்லியோடும் நோபல் பரிசு பெற்றார்கள். பேண்டிங் தன் பரிசுப் பணத்தில் பாதியைப் பெஸ்ட்டுக்குக் கொடுத்தார். மருந்தின் காப்புரிமையில் தன் பெயரே வேண்டாம் என்றார். பல்கலைக்கழகத்துக்கு உரிமை ஆளுக்கு 1 டாலருக்குக் கைமாறியது. 1941-இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பிறந்த நாள்தான் இன்று உலக நீரிழிவு நாள்.