பார்டோக்: பாட்டுத் தேடிப் போன மனிதர்

ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் (1881–1945) என்றதும் என் நினைவுக்கு வருவது கச்சேரி மேடையல்ல. மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் போனோகிராப்போடு அவர் கிராமம் கிராமமாக அலைந்ததுதான்.

தன் இனத்தாரின் பாடல்களோடு அவர் நிற்கவில்லை. ஸ்லோவாக்கியர், ருமேனியர் பாட்டையும் திரட்டினார். 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ராவுக்கே போய் அரபுக் கிராமியப் பாடல்களைப் பதிந்தார்.

முதல் உலகப் போருக்குப் பின் ருமேனியர் எதிரிகளாகிவிட்டனர். அவர்களது இசையைப் பற்றி எழுதியதற்காக, நாட்டுப்பற்று இல்லாதவர் என்று சொந்த நாட்டிலேயே பார்டோக் ஏசப்பட்டார். ஆனாலும் விடவில்லை. 1936இல் துருக்கியின் அதனா பக்கத்து நாடோடிகளிடம் பாட்டுக் கேட்டார். பழைய ஹங்கேரிய மெட்டுகளின் உறவு அங்கே கிடைத்தது!

நாஸி ஆதிக்கம் நெருங்க, 1940இல் அமெரிக்கா போனார். நியூயோர்க்கில் நோயோடு இருந்தபடியே துருக்கிப் பாடல்களை நூலாக்கினார். அது அச்சேறியது 1976இல்தான்.