ஸ்டூடியோவை அடகு வைத்து ஒலி வாங்கியவர்



நம்ம வடசென்னையில் புதுப்படம் ரிலீஸ் என்றால் பசங்க முதலில் கேட்பது கதையை அல்ல. எந்தத் தியேட்டரில் சவுண்டு நல்லா இருக்கு என்றுதான். 5.1-ஆ, 7.1-ஆ, அட்மாஸா என்று திருவொற்றியூர் டீக்கடையில் பட்டிமன்றமே நடக்கும். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் என்பதால் தீர்ப்புச் சொல்ல என்னைத்தான் இழுப்பார்கள். ஆனால் இதே பட்டணத்தில் படத்துக்கு ஒலி வேண்டும் என்று பிழைப்பையே அடகு வைத்த மனிதர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரிவதில்லை. அவர்தான் ரகுபதி வெங்கையா நாயுடு.

1869-இல் மசூலிப்பட்டினத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே சென்னைக்கு வந்து போட்டோ ஸ்டூடியோ வைத்தார். தொழில் நன்றாகவே நடந்தது. அத்தோடு இருந்திருந்தால் நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். மனுஷன் சும்மா இருக்கவில்லை! பிரான்சின் கோமோன் கம்பெனி செய்த குரோனோமெகாஃபோன் என்ற இயந்திரத்தின் மேல் ஆசை வைத்தார். விலை 30,000 ரூபாய். 1910-இல் அது எவ்வளவு பெரிய தொகை என்று நினைத்துப் பாருங்கள். சோறு போட்ட ஸ்டூடியோவையே அடகு வைத்து வாங்கினார்.

அப்படி என்ன இயந்திரம் அது? படம் புரொஜெக்டரில் ஓடும். ஒலி கிராமபோன் தட்டில் சுழலும். இரண்டையும் மின்கம்பியால் இணைத்து ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும். அன்றைக்குத் தியேட்டருக்கு ஆம்ப்ளிஃபையர் ஏது? அழுத்திய காற்றைக் கொண்டுதான் சத்தத்தைப் பெருக்கினார்கள். ஒரு தட்டு சில நிமிடங்களே ஓடும் என்பதால் எல்லாம் குறும்படங்கள். நடுவில் ஃபிலிம் அறுந்து ஒட்டினால் நாலு ஃபிரேம் போய்விடும். அப்புறம் உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்!

இந்த இயந்திரத்தை வைத்து விக்டோரியா பப்ளிக் ஹாலில் படம் காட்டினார். எஸ்பிளனேடில் கூடாரம் போட்டார். தென்னிந்திய ஊர்களோடு நிற்காமல் பர்மா, இலங்கை வரை கொண்டு போனார். கடல் கடந்து இத்தனை நுட்பமான மிஷினைச் சுமந்து போவது லேசுப்பட்ட காரியமா?

ஊர் ஊராக அலைந்தது போதும் என்று 1914-இல் மவுண்ட் ரோடு பக்கம் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். சென்னையில் இந்தியர் ஒருவர் சொந்தமாகக் கட்டிய முதல் தியேட்டர் அதுதான். அடுத்து நம்ம மின்ட் தெருவில் கிரவுன். புரசைவாக்கத்தில் குளோப், பின்னாளில் அதுவே ராக்ஸி. மகன் பிரகாஷை சினிமா கற்க வெளிநாட்டுக்கு அனுப்பினார். திரும்பி வந்த மகன் 1921-இல் பீஷ்ம பிரதிக்ஞை என்ற மௌனப்படத்தை எடுத்தார்.

1931 அக்டோபர் 31 அன்று காளிதாஸ் கினிமா சென்ட்ரலில் திரைக்கு வந்தது. 21 வருஷத்துக்கு முன்பே ஒலியோடு படம் காட்டியவர், தமிழ்ப்படம் பேசியபோது உயிரோடு இருந்தார். 1941-இல் மறைந்தார். தெலுங்கு சினிமாவின் தந்தை என்று போற்றி, 1980-இல் ஆந்திர அரசு அவர் பெயரில் விருது ஏற்படுத்தியது.

அதன் பிறகு ஒலி எங்கேயோ போய்விட்டது. 1986-இல் மாவீரன் 70 எம்.எம். திரையில் ஆறு டிராக் ஒலியோடு வந்தது. 1995-இல் குருதிப்புனல் டால்பியில். 1996-இல் கறுப்பு ரோஜா டி.டி.எஸ்.ஸில். இங்கேதான் எனக்கு ஆச்சரியம்! டி.டி.எஸ்.ஸிலும் ஒலி ஃபிலிமில் இல்லை. தனித் தட்டில்தான் இருந்தது. ஃபிலிம் ஓரத்தில் அச்சிட்ட நேரக்குறியைப் படித்துத் தட்டு தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். நாலு ஃபிரேம் போனால் தட்டும் அதே அளவு தாவிவிடும். வெங்கையாவின் மிஷினைப் படுத்திய அதே கோளாறுக்கு 86 வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது!

5.1-ஐ 7.1 ஆக்குவதும் மந்திரம் அல்ல. பக்கச் சுவரோடு சேர்ந்து ஒலித்த பின்சுவர் ஸ்பீக்கர்களைப் பிரித்து, இடம், வலம் என்று தனி லைன் கொடுக்க வேண்டும். கூடவே இரண்டு ஆம்ப்ளிஃபையர் சேனலும், அதற்கேற்ற டிகோடரும் வேண்டும். வேலை நமக்குத் தெரிந்ததுதான். பணம் போடுகிறவருக்குத்தான் நெஞ்சு படபடக்கும். தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-இல் மூடியதைப் பார்த்த நமக்கு அந்தப் பயம் புரியும்.

கெயிட்டியும் இல்லை, கிரவுனும் இல்லை. ஆனாலும் நண்பர்களே, நாளை ஏதோ ஒரு தியேட்டரில் ஏணி மேல் ஏறி ஸ்பீக்கர் மாட்டும்போது, கையில் இருந்ததை எல்லாம் ஒரு மிஷினுக்காக வைத்த அந்தப் போட்டோக்காரரை ஒரு நிமிஷம் நினையுங்கள். வயரைத் துருவைத் தட்டி ஒழுங்காக முறுக்குங்கள். ஒருத்தருடைய அடகுச்சீட்டு அதில் தொங்குகிறது!