அயோத்திதாசர்: தங்கவயலில் கல்யாணத்தை மாற்றிய பண்டிதர்

ஒரு கல்யாணத்தை யார் நடத்தி வைத்தால் அது கல்யாணம்? குடும்பம் பற்றிப் பேசும் எந்தச் சமூகவியல் வகுப்பிலும் வருகிற கேள்வி. நூறு வருஷத்துக்கு முன்னாடியே கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். வழி சொன்னவர், சென்னை ராயப்பேட்டையில் சித்த வைத்தியம் பார்த்த அயோத்திதாச பண்டிதர்.

1845-ல் பிறந்தவர். இயற்பெயர் காத்தவராயன், ஆசிரியர் மேல் இருந்த மரியாதையில் அவர் பெயரையே வைத்துக்கொண்டார். 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தன் மக்கள் இந்து என்று பதியாமல் சாதியற்ற திராவிடர் என்று பதிய வேண்டும் என்றார். தரவுகளோடு மல்லுக்கட்டும் எனக்கு அவர் வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். படிவத்தில் எதை எழுதுகிறோம் என்பதும் அரசியல்தான் என்று அப்போதே புரிந்துவைத்திருந்தார்.

சொந்த வீட்டிலும் ஒரே கருத்து இல்லை. மனைவி தனலட்சுமி, இரட்டைமலை சீனிவாசனின் சகோதரி. மைத்துனர் 1893-ல் தன் பத்திரிகைக்கு 'பறையன்' என்று பெயர் வைத்தார். இவரோ அந்தப் பெயரையே ஏற்கவில்லை.

1898-ல் இலங்கை போய் பௌத்தம் தழுவினார். சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907-ல் 'ஒரு பைசா தமிழன்' வார இதழ் வந்தது.

சரி, தங்கவயல் எங்கே வருகிறது? 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்ட ஆரம்பித்தது. வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து தமிழர்கள் வேலைக்குப் போனார்கள்; பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் நல்லது கெட்டதை எடுத்துச் செய்ய பங்காளி, தாய்மாமன் என்று ஆட்கள் உண்டு. கூடவே, தள்ளி நில் என்கிற சாதிக் கட்டுப்பாடும் உண்டு. லைன் வீடுகளுக்குக் குடிவந்த பிறகு இரண்டின் பிடியும் தளர்ந்தது.

அந்த இடத்தில்தான் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் பகுதிகளில் சங்கக் கிளைகள் காலூன்றின. பிராமணப் புரோகிதர் இல்லாமல், பஞ்சசீலம் சொல்லி, சங்கத்தார் முன்னிலையில் கல்யாணம். சாவுச் சடங்கும் அப்படித்தான். உறவுக்காரர் செய்ய வேண்டியதில் ஒரு பகுதியைச் சங்கமே எடுத்துக்கொண்டது. விதவை மறுமணம் வேண்டும் என்றும் அயோத்திதாசர் எழுதிவந்தார். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் தமிழ்நாட்டில் பரவியது 1920-களின் கடைசியில்தான். அவற்றுக்குச் சட்ட ஏற்பு கிடைக்க 1967 ஆனது.

1914 மே 5-ல் அவர் இறந்தார். மகன் பட்டாபிராமன் கொஞ்சகாலம் 'தமிழன்' இதழை நடத்தினார், பிறகு நின்றுபோனது. 1926-ல் அப்பாதுரையார் அதை மறுபடி கொண்டுவந்தார். இந்தத் தடவை சென்னையிலிருந்து இல்லை, தங்கவயலிலிருந்து.