கலைந்த கருவும் ஜெரோம் லெஜூனும்

இரண்டு, மூன்று முறை கரு கலைந்துபோய், அதை வெளியே சொல்லவும் முடியாமல் திருப்பலிக்கு வந்து போகும் தம்பதியர் நம் பங்குகளில் உண்டு. பாரம் தூக்கினாள், பயணம் போனாள், ஏதோ சாபம் என்று பழியெல்லாம் மனைவிமேல்தான் விழுகிறது. இந்தப் பேச்சை நிறுத்த, ஒரு கத்தோலிக்க மருத்துவரின் வாழ்க்கை நமக்கு உதவும்.

ஜெரோம் லெஜூன் 1926 ஜூன் 13 அன்று பாரிஸை அடுத்த மோன்ரூஜில் பிறந்தார். மருத்துவம் படித்து, பேராசிரியர் ரேமோன் துர்ப்பேனிடம் பணியில் சேர்ந்தார். அங்கே வந்தவர்கள் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள். பெற்றோரின் ஒழுக்கக்கேடே காரணம் என்று ஊர் சந்தேகித்த காலம் அது. 1958-இல் அக்குழந்தைகளின் செல்களில் 46-க்குப் பதில் 47 குரோமோசோம்கள் இருப்பது தெரிந்தது. 1959 ஜனவரியில் அது வெளியிடப்பட்டது. செல்களை வளர்த்துக் கொடுத்தவர் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர். அவர் பங்கு நெடுங்காலம் பேசப்படவில்லை. நியாயமாகச் சொன்னால், பேசப்பட்டிருக்க வேண்டும். எப்படியோ, தாய்மார்மீது இருந்த பழி நீங்கியது.

அதே 1959-இல் ஒரு குரோமோசோம் மற்றொன்றோடு ஒட்டியிருந்த ஒரு நோயாளியைப் பற்றியும் இக்குழு எழுதியது. நம் தம்பதியருக்கு உரியது இதுவே. கணவன் அல்லது மனைவியின் குரோமோசோம் துண்டு ஒன்று இடம்மாறி வேறொன்றில் அமர்ந்திருக்கலாம். மொத்த அளவு குறையாததால் அவர் நலமாகவே இருப்பார். ஆனால் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஒரு துண்டு கூடலாம், குறையலாம். அப்படி உருவாகும் கரு பெரும்பாலும் வளர முடியாமல் கலைந்துவிடும். மீண்டும் மீண்டும் கரு கலையும் 100 தம்பதியரில் சுமார் 2 முதல் 5 பேரிடம் இது காணப்படுகிறது. இருவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். கணவரும் கையை நீட்ட வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்! ஒவ்வொரு முறையும் இப்படி ஆவதில்லை. இத்தகைய தம்பதியரில் பலர் பிறகு நலமான குழந்தையைப் பெற்றிருக்கிறார்கள். தனித்தனியாகக் கலையும் கருக்களிலும், தொடக்க வாரங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் பிழையே காரணம். அது கரு உருவாகும்போதே நேர்வது. பாரம் தூக்கியதால் வருவதன்று.

தம் கண்டுபிடிப்பைக் கொண்டே பிறவாத குழந்தைகளைக் கண்டறிந்து அழிக்கிறார்கள் என்பது லெஜூனைத் தீராத வேதனைக்கு உள்ளாக்கியது. 1969-இல் சான்பிரான்சிஸ்கோவில் பெரிய விருதொன்றைப் பெற்ற மேடையிலேயே கருக்கலைப்பை எதிர்த்துப் பேசினார். அதன்பின் அறிவியல் உலகில் நண்பர்கள் பலர் விலகினர். அவரோ மனைவி பிர்த்தோடு ஐந்து பிள்ளைகளை வளர்த்தபடி, நோயுற்ற குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துவந்தார்.

1994-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரைப் பாப்பிறை வாழ்வுக் கழகத்தின் முதல் தலைவராக நியமித்தார். சில வாரங்களில், ஏப்ரல் 3, உயிர்ப்புப் பெருவிழா அன்று, நுரையீரல் புற்றுநோயால் இறைவனடி சேர்ந்தார். 1997-இல் பிரான்ஸ் வந்த திருத்தந்தை, சாலோ சேன் மார் சிற்றூரில் உள்ள அவர் கல்லறைக்குச் சென்று செபித்தார். 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக ஏற்றார்.