நாடகாசிரியர் செகாவ்

துன்பம் நேர்ந்தவிடத்து மக்கள் இருவகையாக ஒழுகுவர். சிலர் மேற்கொண்ட பணியைக் கைவிட்டுச் சோர்ந்து அமர்வர். சிலரோ அத்துன்பத்தை நெஞ்சில் தாங்கிக்கொண்டே அன்றாடக் கடமைகளைக் குறைவறச் செய்து முடிப்பர். திருவள்ளுவர் இடுக்கணழியாமை என ஓர் அதிகாரமே வகுத்தது, பின்னவரது பெருமையை நாம் உணர்தற்பொருட்டேயாம். இரஷ்ய நாட்டு நாடகாசிரியராகிய அந்தோன் செகாவ் அத்தகையோருள் ஒருவர். அவர் இவ்வுலகில் வாழ்ந்தது நாற்பத்து நான்கு ஆண்டுகளே. அச்சிறு வாழ்நாளில் எழுத்து, மருத்துவம், தோட்ட வளர்ப்பு ஆகிய மூன்றையும் அவர் எங்ஙனம் பேணினார் என்பதை இப்பாடத்திற் காண்போம்.

செகாவ் 1860ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 29ஆம் நாள், அசோவ் கடற்கரையிலுள்ள தாகன்ரோக் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் பண்ணையடிமையாய் இருந்தவர். அரும்பாடுபட்டுப் பொருள் சேர்த்துத் தம் குடும்பத்தின் விடுதலையை விலை கொடுத்துப் பெற்றவர். தந்தையார் பாவெல் மளிகைக் கடை நடத்தினார். அவர் சமயப் பற்று மிக்கவர். பிள்ளைகளை அடித்து வளர்க்கும் கடுமையும் உடையவர். பள்ளிவிட்டு வந்த சிறுவன் செகாவ், குளிரில் நடுங்கிக்கொண்டே கடையைக் காத்திருத்தல் வேண்டும். கோயில் இசைக்குழுவிலும் பாடுதல் வேண்டும்.

1876ஆம் ஆண்டில் வணிகம் நொடித்தது. கடன் கொடுத்தார்க்கு அஞ்சித் தந்தையார் மாஸ்கோ நகருக்கு மறைந்து சென்றார், குடும்பத்தாரும் பின்தொடர்ந்தனர். அவர்கள் வாழ்ந்த வீடு, அவ்வீட்டிலேயே குடியிருந்த ஒருவர்க்கு உரிமையாயிற்று. பதினாறு வயதுச் செகாவ் மட்டும், பள்ளிப் படிப்பை முடித்தற்பொருட்டுத் தனித்து நின்றார். பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தம் உணவைத் தாமே தேடிக்கொண்டதோடு, மிஞ்சிய பொருளை மாஸ்கோவிற்கும் அனுப்பினார். வாழ்ந்த வீட்டை இழந்த அத்துயரம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் அவர் இயற்றிய நாடகங்களில் அதன் சாயலைக் காணலாம்.

1879ஆம் ஆண்டில் மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். வறுமையில் வாடிய குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பும் அவர்மேல் விழுந்தது. பகலில் மருத்துவக் கல்வி. இரவில் இதழ்களுக்கு நகைச்சுவைக் கதை. இவ்வாறு இருபணியும் ஆற்றி, 1884இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவ்வாண்டின் இறுதியிலேயே இருமலோடு குருதி வெளிப்பட்டது. அது காச நோயின் அறிகுறி. நோயாளர் பலரை ஆராய்ந்து மருந்து கொடுத்த அவர், தம் நோயைப் பற்றிப் பிறரிடம் பேசவும் விரும்பினாரல்லர். 1887இல் அவருடைய 'இவானவ்' நாடகம் மாஸ்கோவில் அரங்கேறியது. அடுத்த ஆண்டில் அவர் கதைகளுக்குப் புஷ்கின் பரிசு கிடைத்தது.

புகழ் அரும்பிய அவ்வேளையிலேயே பெருந்துயர் ஒன்று வந்துற்றது. அவர் தமையனார் நிக்கொலாய் ஓவியத் திறம் மிக்கவர். அவரையும் காசநோய் பற்றியது. செகாவ் அவரைச் சுமி என்னும் ஊரின் அருகேயுள்ள நாட்டுப்புற வீட்டிற்கு அழைத்துச் சென்று, வாரக்கணக்காக உடனிருந்து மருத்துவம் செய்தார். ஆயினும் 1889ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நிக்கொலாய் மறைந்தார். தமையனைக் கொண்டுசென்ற அந்நோயே தம் உடலிலும் குடிகொண்டிருத்தலை மருத்துவராகிய தம்பி அறியாதிருப்பாரோ?

அவர் துயரில் அமிழ்ந்துவிடவில்லை. தம்மினும் துன்புற்றோரைக் காணப் புறப்பட்டார். இரஷ்ய நாட்டின் கீழ்க்கோடியில் சகலின் என்னும் தீவு உளது. அந்நாளில் அது குற்றவாளிகளைக் கொண்டு சென்று வைக்கும் கொடுஞ்சிறை. 1890இல் செகாவ் அங்குச் சென்றார். சைபீரிய இருப்புப்பாதை அமைக்கப்படாத காலம் அது. குதிரை வண்டியிலும் படகிலும், சேற்றிலும் வெள்ளத்திலும் பல்லாயிரம் மைல் கடந்தார். மூன்று திங்கள் தங்கி, குடிசைதோறும் புகுந்து, ஏறத்தாழப் பதினாயிரம் பேரைப் பற்றிய செய்திகளைத் தனித்தனிச் சீட்டுகளிற் குறித்தார். கண்ட கொடுமைகளை நூலாக எழுதினார்; அத்தீவுச் சிறுவர்களுக்கென நூல்கள் திரட்டியும் அனுப்பினார். கடல்வழியே திரும்புகையில் இலங்கைத் தீவில் இறங்கினார். அதன் பசுமை அவர் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. அங்கிருந்து கீரிப்பிள்ளைகளை வாங்கி மாஸ்கோவிற்குக் கொண்டு சென்று வளர்த்தார் என்பது சுவையான செய்தியாகும்.

1892ஆம் ஆண்டில் மாஸ்கோவின் தெற்கே மெலிகவா என்னும் சிற்றூரில் நிலமும் வீடும் வாங்கினார். வாழ்ந்த வீட்டை இழந்த குடும்பத்தார்க்கு மீண்டும் ஒரு சொந்த வீடு வாய்த்தது. விடியற்காலையிலேயே உழவர்கள் நோயுற்ற மக்களுடன் அவர் வாயிலிற் காத்திருப்பர். செகாவ் அவர்களுக்குப் பொருள் பெறாது மருத்துவம் செய்தார். எஞ்சிய பொழுதில் எழுதினார், மரக்கன்று நட்டார். தூண்டிலிட்டு மீன் பிடித்தலும், காட்டிற் காளான் பறித்தலும் அவருக்கு உவப்பான பொழுதுபோக்குகள். அவர் வளர்த்த நாய்கள் இரண்டிற்கும் மருந்துகளின் பெயர்களையே சூட்டியிருந்தார். அவற்றுள் ஒன்று கொய்னா என்னும் மருந்தின் பெயர் தாங்கியது. அவ்வாண்டில் வாந்திபேதி நோய் பரவியபோது, ஊதியம் பெறாது இருபத்தைந்து ஊர்களின் மருத்துவப் பொறுப்பை ஏற்றார். எழுதுகோலை ஒதுக்கி வைத்துவிட்டு ஊரூராய்ச் சென்றார். அவ்வட்டாரத்து உழவர் பிள்ளைகளுக்காக மூன்று பள்ளிகளையும் முயன்று கட்டுவித்தார்.

மெலிகவாவின் தோட்டத்தில் அமைந்த சிறு குடிலில் 'கடற்பறவை' என்னும் நாடகத்தை எழுதினார். 1896ஆம் ஆண்டு அக்டோபரில் அது பீட்டர்ஸ்பர்க் நகரில் அரங்கேறியது. அவையோர் அதன் நயத்தை உணராது எள்ளி நகைத்தனர். செகாவ் அரங்கினின்றும் வெளியேறி, குளிர் மிக்க தெருக்களில் நள்ளிரவில் தனியே நடந்தார். மறுநாளே ஊர் திரும்பினார். இனி நாடகம் எழுதுவதில்லை என்று உறுதியும் கொண்டார். ஆயினும் பிற கடமைகளில் அவர் தளரவில்லை. நோயாளரைக் கவனித்தார்; பள்ளிக் கட்டட வேலையை மேற்பார்த்தார்; 1897இன் தொடக்கத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் உழைத்தார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் நுரையீரலினின்றும் குருதி பெருகவே, மருத்துவமனையிற் படுக்க நேர்ந்தது. வெப்பமான தென்னாட்டிலேயே இனி வாழ்தல் வேண்டும் என மருத்துவர்கள் வற்புறுத்தினர்.

அதற்கிணங்கக் கருங்கடற் கரையிலுள்ள யால்தா நகருக்குச் சென்றார். அங்கிருக்கும்போதுதான் 1898 அக்டோபரில் தந்தையார் மறைந்த செய்தி எட்டியது. இரண்டு திங்கள் கழித்து மற்றொரு செய்தி வந்தது. ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச் தான்சென்கோவும் நிறுவிய மாஸ்கோக் கலை அரங்கத்தில் 'கடற்பறவை' மீண்டும் நடிக்கப்பெற்று, மாபெரும் வெற்றி கண்டது. நோயால் யால்தாவிலேயே தங்கியிருந்த செகாவ், தம் வெற்றியைத் தந்திச் செய்திகளாலேயே அறிந்தார்.

அரசரும் போரும் வஞ்சகரும் நிறைந்தன அல்ல அவர் நாடகங்கள். அவற்றில் வருவோர் உண்பர், உரையாடுவர், தேநீர் அருந்துவர். அதனிடையே அவர்தம் வாழ்வும் நம்பிக்கையும் ஓசையின்றி உடைந்துகொண்டிருக்கும். உழவர் வீடுதோறும் சென்று மக்களின் அன்றாட வாழ்வை அருகிருந்து கண்ட மருத்துவர், அதனையே அரங்கில் ஏற்றினார் என்னலாம்.

யால்தாவில் கற்கள் நிறைந்த மேட்டுநிலத்தை வாங்கி வீடு கட்டினார். 1899இல் மெலிகவா விற்கப்பட்டது. கையில் வலிமை குன்றியிருந்தும், புதிய நிலத்தில் மரங்களையும் ரோஜாச் செடிகளையும் தாமே நட்டார்; ஒவ்வொரு செடியின் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தார். பழகிய நாரைகள் இரண்டு அத்தோட்டத்தில் உலவின. ஊர் விட்டு வந்து உதவியின்றித் தவித்த ஏழைக் காசநோயாளர்க்காகப் பொருள் திரட்டியும் கொடுத்தார். 1901இல் கலை அரங்கத்து நடிகையாகிய ஓல்கா கினிப்பரை மணந்தார். மனைவியாரின் தொழில் மாஸ்கோவில்; கணவரின் உடல்நிலைக்கு ஏற்ற இடம் யால்தா. ஆகவே இருவரும் பெரும்பாலும் கடிதங்களாலேயே அன்பைப் பகிர்ந்துகொண்டனர். 1902இல், பிறவாத மகவையும் இழந்தனர்.

இத்துணைத் துன்பத்திற்கிடையே அவர் எழுதிய இறுதி நாடகம் 'செர்ரித் தோட்டம்'. நாளொன்றுக்குச் சில வரிகளே எழுத உடல் இடங்கொடுத்தது. கடன்பட்ட ஒரு குடும்பம் தன் முன்னோர் தோட்டத்தை இழப்பதும், மரங்கள் வெட்டுண்ணும் ஓசை கேட்பதும் அதன் முடிவு. அத்தகைய கதையையும் அவர் இன்பியல் நாடகம் என்றே பெயரிட்டழைத்தார். 1904 ஜனவரியில், அவர் பிறந்த நாளன்றே அது அரங்கேறியது. நடுவே அவரை மேடைக்கு அழைத்துப் பாராட்டினர். மெலிந்து வெளிறிய அவர், இருமலை அடக்கிக்கொண்டு, பாராட்டுரைகள் முடியுமளவும் நின்றார்.

அவ்வாண்டு ஜூலை 15ஆம் நாள், ஜெர்மனியிலுள்ள பாதன்வைலர் என்னும் ஊரில் செகாவ் உயிர் நீத்தார். மாஸ்கோவில் தந்தையாரின் அருகே அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. தங்கையார் மரியா, 1957இல் தாம் மறையுமளவும், யால்தா வீட்டையும் தோட்டத்தையும் தமையனாரின் நினைவிடமாகப் போற்றிக் காத்தார்.

மரம் நடுவோன் அதன் நிழலில் நெடுநாள் அமர்வதை எண்ணியே நடுதல் இயல்பு. செகாவோ, தம் நாள்கள் சிலவே என்பதை அறிந்திருந்தும் கன்றுகளை நட்டார், பள்ளிகளைக் கட்டினார், நாடகங்களை எழுதினார். அவற்றின் நிழலில் பிறர் அமர்வர் என்பதே அவருக்குப் போதியதாய் இருந்தது. இழப்பு வந்துற்றபோதெல்லாம், அவர் அதற்கு விடையாக ஒரு நற்பணியைத் தொடங்கினார். நமக்கு ஒரு துன்பம் நேருங்காலத்து, அன்று செய்தற்குரிய கடமை யாது என்று நாமும் ஆராய்வோமாக.